மற்றும் நண்பர்கள்

அண்ணன் தவறி ஏழு மாதம் ஆகிறது. அவர் என் உடன்பிறந்தவர் அல்லர். ஒன்றுவிட்ட, இரண்டுவிட்ட உறவும் இல்லை. ஒரே தாமானில் குடியிருந்ததில்லை, ஒரே பள்ளியில் படித்ததில்லை. ஐந்து ஆண்டுப் பழக்கத்தில் அவரை நான் ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை.

பட்டர்வொர்த்துக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் இடையே இரவில் லாரி ஓட்டியவர். வயது 54. வீடு சுங்கை பட்டாணியில். மனைவி, இரண்டு மகள்கள். பெயர் வேண்டாம். குழுவில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'தான், அவரைவிட மூத்தவர்களுக்கும்கூட.

பழைய தமிழ்த் திரைப்பாடல்களுக்கான வாட்ஸ்அப் குழு அது. நம் நாளிதழ்கள் வாட்ஸ்அப்பைப் 'புலனம்' என்று எழுதும் அல்லவா, அந்தச் சொல்லை முதன்முதலில் கேட்டபோது அண்ணன், "புலனமா? புலம்பல் மாதிரி கேக்குதே தங்கச்சி" என்றார். அன்றிலிருந்து குழுவின் பெயரே 'புலம்பல்' ஆகிவிட்டது.

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த சில வாரங்களில் உருவான குழு. நாமெல்லாம் வீட்டுக்குள் முடங்கி, கேக் சுடப் பழகிக்கொண்டிருந்தபோது அரிசியும் பால்மாவும் ஏற்றிய லாரிகள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன. "ரோடு மொத்தமும் எனக்கே போட்ட மாதிரி இருக்கு, கொஞ்சம் பயமாவும் இருக்கு" என்று அவர் அனுப்பிய குரல் பதிவுதான் அவரைப் பற்றிய என் முதல் ஞாபகம்.

நாற்பதுக்குச் சற்று மேற்பட்டவர்கள் இருந்தோம். கிள்ளான், ஈப்போ, சித்தியவான், சிங்கப்பூர். சென்னையில் இரண்டு பேர். டொரோண்டோவில் ஒரு தாதி. யாராவது ஒருவர் பாடலின் தொடக்க இசையைச் சில விநாடி மட்டும் போடுவார். படம், ஆண்டு, இசையமைப்பாளர், பாடியவர் யார் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். அண்ணன் ஓட்டும்போது கைப்பேசியைத் தொடமாட்டார். தாப்பா ஓய்விடத்திலோ சுங்கை பேராக்கிலோ லாரியை நிறுத்தி, ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு, அதுவரை வந்த கேள்விகளுக்கெல்லாம் வரிசையாகப் பதில் சொல்வார். எழுத மாட்டார், பேசுவார். 1965இல் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிந்தார்கள் அல்லவா, அவருடைய நாட்காட்டியில் அதுதான் ஆண்டுக் கணக்கு. எந்தப் பாட்டானாலும் "இது பிரியறதுக்கு முன்ன", "இது பிரிஞ்ச பின்ன" என்று ஆரம்பிப்பார். அந்தப் பிரிவு நடந்தபோது அவர் பிறக்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

நான் வானொலியில் காலை நேர அறிவிப்பாளர். விடியற்காலை நான்கு மணிக்கு எழ வேண்டும். அதே நேரத்தில்தான் அவர் சரக்கை இறக்கிவிட்டு வீட்டுக்குக் கிளம்புவார். ஊரே தூங்கும் அந்த அரைமணி நேரத்தில் குழுவில் விழித்திருப்பது நாங்கள் இரண்டு பேர்தான். பாட்டில் தொடங்கிய பேச்சு மெல்ல மெல்ல வேறு எங்கெங்கோ போனது அப்படித்தான். 2022இல் என் அப்பாவுக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்தது. அப்போது பதினோரு நாள் தொடர்ந்து நான்கேகாலுக்கு ஒரே கேள்வி வரும்: "அப்பா சாப்பிட்டாரா?" அறுவை எப்படி, ரிப்போர்ட் என்ன சொல்கிறது என்றெல்லாம் கேட்கமாட்டார். சாப்பிட்டாரா, அவ்வளவுதான். எங்கள் சொந்தங்களில் பலர் மருத்துவமனைக்கு வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள். பதினோரு நாளும் விடாமல் விசாரித்தவர் அண்ணன் ஒருவர்தான்.

அவரும் சொல்வார். கண் முன்போல் இல்லை என்பார். சின்ன மகளுக்குப் பல்கலைக்கழகம் கிடைக்குமா என்பார். ஒருநாள் மெனோரா சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஒரு விபத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த ஓய்விடத்தில் லாரியை ஓரம் கட்டி உட்கார்ந்துவிட்டார். "கை நடுங்குது, ஸ்டியரிங்கைப் பிடிக்க முடியல" என்றார். முக்கால் மணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால், ஏ.எம்.ராஜா 'கல்யாணப் பரிசு' படத்துக்குத் தானே இசையமைத்ததைப் பற்றி. வேறு எதைப் பேசுவது? கை நின்றதும் கிளம்பினார்.

"இத்தனை வருஷம் பழகியிருக்கீங்க, ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கலையா?" என்று இப்போது பலர் கேட்கிறார்கள். வாரத்துக்கு மூன்று முறை அவர் கிள்ளான் வரை வந்திருக்கிறார். என் வீடு அங்கிருந்து முக்கால் மணி நேரம். பார்க்கத் தோன்றவில்லை. இருவருக்குமே தோன்றவில்லை. பாதியில் நிற்கிற எதையோ நேரில் பார்த்துத்தான் முழுமையாக்க வேண்டும் என்பது போலக் கேட்கிறார்கள். எங்களுக்கு எதுவும் பாதியில் நிற்கவில்லை. இதை எத்தனை முறை சொன்னாலும் யாரும் நம்புவதாக இல்லை என்பதால் இப்போதெல்லாம் சிரித்துவிட்டு விட்டுவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு நிலையத்தில் இருந்தேன். அவர் எண்ணிலிருந்து குழுவுக்கு ஒரு தகவல் வந்தது. அவரிடமிருந்து எழுத்தில் வந்த முதல் தகவல் என்பதால் திறப்பதற்கு முன்பே ஏதோ சரியில்லை என்று பட்டது. "அப்பா நேற்று இரவு தூக்கத்திலேயே தவறிட்டாங்க. நாளைக்கு எடுக்குறோம். இப்படிக்கு மகள்." அதற்கு அரைமணி நேரம் கழித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது. நான் நேயர்களுக்குக் காலை வணக்கம் சொன்னேன். அது என் தொழில். நான்கு மணி நேரமும் சிரித்த முகமாகத்தான் பேசினேன். பாடல் பட்டியல் முதல் நாளே முடிவாகிவிடும். அதில் அவருக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை.

அன்று மாலை வீட்டில் அழுதேன். அம்மா பதறிப்போய், "யாருடா அது?" என்றார். சொன்னேன். "பார்த்ததே இல்லையா?" என்று இரண்டு முறை கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. முறுக்கு மாவு பிசைந்த கையோடு நின்றார். "நமக்குத் துக்கம் இல்லம்மா, எண்ணெய்ச் சட்டி வைக்கலாம்ல?" என்று அவர் கேட்டதில் தவறும் இல்லை. பங்காளிக்கு இத்தனை நாள் தீட்டு, மாமன் மச்சானுக்கு இத்தனை நாள் என்று நம்மிடம் கணக்கு இருக்கிறது. துக்க வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் கிடையாது. வாட்ஸ்அப்பில் பழகிய அண்ணனுக்கு எந்தக் கணக்கு?

எனக்கு அப்போது 2020 செப்டம்பர் 25ஆம் தேதி ஞாபகம் வந்தது. எஸ்.பி.பாலசுப்ரமணியம் மறைந்த வெள்ளிக்கிழமை. அன்றும் அடுத்த சில நாட்களும் எங்கள் தொலைபேசி ஓயவே இல்லை. பெரிய மனிதர்கள் பேச முடியாமல் தேம்பினார்கள். ஓர் அம்மா அன்று அடுப்பே பற்ற வைக்கவில்லை என்றார். அழைத்தவர்களில் எத்தனை பேர் அவரை நேரில் பார்த்திருப்பார்கள்? அவரிடம் ஒரு வார்த்தை பேசியவர்கள் எத்தனை பேர்? ஆனால் "உங்களுக்கு அவர் என்ன வேணும்?" என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. பார்க்காத மனிதருக்காக நாடே அழலாம், அவர் புகழ் பெற்றவராக இருந்தால்.

ஊடகத் துறையில் படித்தபோது ஹார்ட்டன், வோல் என்ற இருவர் 1956இல் எழுதிய கட்டுரையைப் பாடமாக வைத்திருந்தார்கள். திரையிலும் வானொலியிலும் வருகிறவரோடு நமக்கு நெருக்கம் இருப்பதுபோல் தோன்றுவதைப் பற்றியது. அந்த நெருக்கம் ஒருபக்கத்தது. அவருக்கு நம்மைத் தெரியாது. எங்கள் தொழிலே அதன்மேல்தான் நடக்கிறது, நானும் அதில்தான் சம்பளம் வாங்குகிறேன். இணையத்தில் பழகுவதையும் இந்தக் கணக்கில் சேர்த்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. என் அப்பா சாப்பிட்டாரா என்று அண்ணனுக்குத் தெரிந்திருந்தது.

கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989இல் ஒரு நூல் கொண்டுவந்தார். சமூகம் 'இது துக்கம்தான்' என்று ஒப்புக்கொள்ளாத துக்கங்களைப் பற்றியது. வெளியே சொல்ல முடியாது, ஆறுதல் சொல்ல ஆள் வராது, சடங்கில் பங்கு கிடையாது. அதனால் அந்தத் துக்கம் லேசில் ஆறாது என்பது அவர் வாதம். இதை எங்கள் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். அம்மா டோக்காவைப் படிக்காமலே ஒரு வேலை செய்தார். அன்றைக்குச் சட்டி வைக்கவில்லை. "மாவு நாளைக்கும் இருக்கும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை அடக்கம். குழுவில் பலருக்குப் போக வேண்டும் போலிருந்தது. ஆனால் வாசலில் என்ன சொல்வது? நம் துக்க வீடுகளில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கிறது. கொள்ளி வைப்பவர் ஒருவர், கோடி கொண்டுவரப் பிறந்த வீட்டார், நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகள், வாய்க்கரிசி போட உறவு முறைக்காரர்கள். தப்பு அடிப்பவருக்கும் பந்தல் போடுபவருக்கும்கூட இடம் உண்டு. 'அண்ணே, தங்கச்சி' என்று கைப்பேசியில் கூப்பிட்டவர்களுக்கு? கடைசியில் புக்கிட் மெர்தாஜாமில் இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா ஒருவர் மட்டும் போனார். திரும்பி வந்து பதிவு போட்டார்: "வாசல்ல ஒருத்தர், 'நீங்க லாரி கம்பெனியா?'ன்னு கேட்டாரு. ஆமான்னு சொல்லிட்டேன். வேற என்னத்தச் சொல்றது? மாலை போட்டுட்டு, ஓரமா நின்னுட்டு வந்துட்டேன்."

மூன்றாம் நாள் நாளிதழில் அறிவிப்பு வந்தது. உங்களுக்குத் தெரிந்த வடிவம்தான்: மேலே படம், தோற்றம், மறைவு, பிறகு மனைவி, மகள்கள், சகோதர சகோதரிகள், மைத்துனர்கள், மருமக்கள் என்று வரிசை. கடைசியில், 'உற்றார் உறவினர் மற்றும் நண்பர்கள்.' எந்தத் துக்க அறிவிப்பிலும் அச்சகத்திலேயே சேர்த்துவிடுகிற சொற்கள் அவை. நானே ஆயிரம் முறை படித்துக் கடந்திருக்கிறேன். அன்று அதைக் கத்தரித்து, மேசை இழுப்பறைக்குள் வைத்தேன்.

குழுவில் சிலர் பிசிராந்தையாரை எழுதினார்கள். பார்க்காத நட்பு என்றால் நமக்கு உடனே வருகிற பெயர் அதுதானே. எனக்கு அந்தக் கதையில் வேறொரு இடம்தான் உறுத்தியது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, பாண்டிய நாட்டிலிருந்து என் நண்பன் வருவான், அவனுக்கு என் பக்கத்தில் இடம் வையுங்கள் என்று தானே சொல்லிவிட்டான். வரமாட்டார் என்று சுற்றியிருந்தவர்கள் நினைத்தார்கள். வந்தார், அங்கேயே வடக்கிருந்து உயிர்விட்டார். அரசனே சொல்லி வைத்ததால் அவரை யாரும் 'நீங்க லாரி கம்பெனியா' என்று கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் அண்ணன் வீட்டில் எங்களைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. 'போன்ல பாட்டு' என்று மட்டும் அவர்களுக்குத் தெரியும். யாருக்குத்தான் இதையெல்லாம் வீட்டில் விளக்கிச் சொல்லத் தோன்றும்?

நார்வே நாட்டில் மட்ஸ் ஸ்டீன் என்று ஓர் இளைஞர் இருந்தார். தசைகள் படிப்படியாகச் செயலிழக்கும் நோய். சக்கர நாற்காலியில் இருந்தபடி பல ஆண்டுகள் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' என்ற இணைய விளையாட்டில் மூழ்கியிருந்தார். மகனுக்கு நண்பர்களே இல்லை, தனியாகவே வாழ்ந்து போகிறான் என்று பெற்றோர் வருந்தினார்கள். 2014இல், 25 வயதில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற கடவுச்சொல்லைக் கொண்டு தந்தை அவருடைய வலைப்பூவில் மரணச் செய்தியைப் போட்டார். அதன் பிறகு மின்னஞ்சல்கள் வரத் தொடங்கின. எத்தனையோ பேருக்கு அவர் ஆறுதலாக இருந்திருக்கிறார், ஒரு தாயையும் மகனையும் மறுபடி பேச வைத்திருக்கிறார். விளையாட்டுக் குழுவினர் சிலர் வேறு நாடுகளிலிருந்து இறுதிச்சடங்குக்கும் வந்தார்கள். பெஞ்சமின் ரீ இயக்கிய ஆவணப்படம் 2024இல் நெட்ஃபிலிக்ஸில் வந்தது. குடும்பமாகப் பார்க்கலாம், கைக்குட்டை பக்கத்தில் இருக்கட்டும். மகனின் வாழ்க்கையில் தங்களுக்குத் தெரியாத ஒரு பெரிய பகுதியை முன்பின் தெரியாதவர்களிடமிருந்து அந்தப் பெற்றோர் தெரிந்துகொண்டார்கள். நான் அந்தப் படத்தை அண்ணன் இருக்கும்போதே பார்த்தேன். அப்போது அது நார்வேக்காரர்களின் கதையாகத்தான் இருந்தது.

ஐந்தாம் நாள் பெரிய மகளிடமிருந்து எனக்குத் தனியாக ஒரு தகவல் வந்தது. "அக்கா, அப்பா குரல் உங்ககிட்ட இருக்கா?" வீட்டில் இல்லையாம். கல்யாண வீடியோக்களில் எல்லாம் அவர் ஓரத்தில் நிற்கிறார், பேசவில்லை. அவர் கைப்பேசி மலிவானது. இடம் நிறைந்துவிட்டது என்று பழையதை எல்லாம் மாதந்தோறும் அழித்துவிடுவாராம்.

அன்றிரவு குழுவுக்கு ஒரு வேலை கிடைத்தது. நாற்பது பேரும் தங்கள் கைப்பேசிகளைத் துழாவினார்கள். கைப்பேசி மாற்றியவர்களிடம் ஒன்றும் இல்லை. சித்தியவான் அம்மா ஒருவர் தம் மகனை உட்கார வைத்துப் பழைய உடைந்த கைப்பேசியிலிருந்து எடுத்தார். டொரோண்டோ தாதி எதையும் அழிக்காத பழக்கமுள்ளவர். அவரிடமிருந்து மட்டும் தொண்ணூறுக்கு மேல் வந்தது. திரும்ப வந்ததை எல்லாம் நீக்கி, தேதி வாரியாக அடுக்கிப் பார்த்தால் 311 பதிவுகள். மொத்தம் ஆறு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஒலியைச் சுத்தம் செய்வது எனக்குக் கைவந்த வேலை. இரைச்சலை எடுக்க மென்பொருள் இருக்கிறது, இரண்டு பொத்தான் போதும். ஒரு பதிவில் செய்து பார்த்தேன். குரல் துல்லியமாக வந்தது, ஆனால் ஆள் ஏதோ அறைக்குள் உட்கார்ந்து பேசுவது போல ஆகிவிட்டது. எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். பின்னால் லாரி என்ஜின் உறுமுகிறது, யாரோ ஒருவருடைய பிரேக்கிலிருந்து 'புஸ்' என்று காற்று வெளியேறுகிறது, கடைக்காரர் "தே ஓ சத்து!" என்று கத்துகிறார்.

எனக்குத் தனியாக வந்தவற்றில் ஒன்பதை மட்டும் நான் கொடுக்கவில்லை. மெனோரா இரவு, பணத்தைப் பற்றி ஒன்று, இன்னும் சில. முகம் தெரியாத ஒருத்தியிடம் இருட்டில் சொன்னவை அவை. முகம் தெரியாததால்தான் சொன்னார். அந்தப் பெண்களுக்கு அப்பாவின் பயங்களைக் கேட்க உரிமை இல்லையா என்றால், இருக்கலாம். ஆனால் அதைக் கொடுக்கிற உரிமை எனக்கு இல்லை என்று முடிவு செய்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு மகள் எங்களையும் கூப்பிட்டாள். ஆறு பேர் போனோம். தபால்காரர் ஐயாவை அங்கேதான் முதன்முதலில் பார்த்தேன். என்னைவிடக் குள்ளம், குரலை வைத்து ஆறடி ஆளாக நினைத்திருந்தேன். வாசலில் ஒரு பெரியம்மா எங்களை ஏற இறங்கப் பார்த்தபோது மகள், "அப்பாவோட பாட்டுக் கூட்டம், பெரியம்மா" என்றாள். அவரும் "வாங்க, வாங்க" என்று நாற்காலி இழுத்துப் போட்டார்.

கூடத்தில் மாலை போட்ட படம். மீசை வைத்த, சற்றுப் பருமனான ஒரு மனிதர். உண்மையைச் சொன்னால், அந்த முகத்தைப் பார்த்து எனக்கு அழுகை வரவில்லை. யாரோ ஒருவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது. விழுந்து கும்பிட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

சாப்பாடெல்லாம் முடிந்து சொந்தங்கள் கிளம்பிய பிறகு, மகள் நான் கொடுத்த பென்டிரைவைத் தொலைக்காட்சியில் செருகினாள். "இது பிரியறதுக்கு முன்ன" என்று கூடத்தில் அவர் குரல் கேட்டது. அப்போதுதான் அண்ணன் அந்த வீட்டுக்குள் வந்தார். எங்கள் ஆறு பேராலும் தலை நிமிர முடியவில்லை.

அண்ணி அதுவரை சமையலறை நிலைப்படியிலேயே நின்றிருந்தார். பாட்டுச் செய்தி எதுவும் அவருக்குப் பெரிதாகப் படவில்லை போலும். கேட்டுக்கொண்டே பாத்திரம் துடைத்தார். பிறகு 2023இல் பதிவான ஒன்று வந்தது. வீட்டிலிருந்து பேசியிருக்கிறார். சிங்கப்பூர் நண்பர் ஒருவரோடு ஏதோ விவாதம். நடுவில் தூரத்திலிருந்து ஒரு பெண் குரல், "மீனு ஆறுது, வர்றீங்களா இல்லையா?" உடனே அண்ணன் குரலைத் தாழ்த்தி, "இருங்க, மேலிடத்து உத்தரவு, சாப்பிட்டு வந்து பேசுறேன்" என்று முடித்துவிடுகிறார். மொத்தம் 14 விநாடி.

"அதை இன்னொரு தடவை போடு" என்றார் அண்ணி. மகள் போட்டாள். மறுபடியும் போடச் சொன்னார். நான்காவது முறை கேட்டு முடித்ததும் துடைத்த தட்டைக் கீழே வைத்தார்.

"அன்னிக்கு என்ன மீனுன்னு ஞாபகம் வரலையே" என்றார்.